நஞ்சுமூங்கில்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்து வேலிகளில் மார்பளவு உயர்ந்து, வாளிலைகளை விரித்து, தண்டின் உச்சியில் வெள்ளைப் பூக்களைக் கொத்தாக ஏந்தி நிற்கும் பெருஞ்செடிக்கு மலாய்ப் பெயர் 'பாக்கோங்'. ஆங்கில வழி அறிந்தோர் அதைப் பெருலில்லி என்பர். லில்லி என்றதும் அல்லி என்று மொழிபெயர்க்க நாக்கு துடிக்கிறது அல்லவா? ஒலி பொருந்துகிறது, உறவு இல்லை. லில்லி இலத்தீனத்து 'லிலியம்'. நம் அல்லி நீரில் பூப்பது, அகவிதழுக்கும் பெயராவது. பயிரியலார் புல்லிவட்டத்துக்குள் அல்லிவட்டத்தை வைத்தது அதனால்தான். கரைமணலில் கிழங்கூன்றும் செடிக்கு அந்தப் பெயரைத் தர எனக்கு மனம் வரவில்லை.

தரவேண்டிய தேவையும் இல்லை. தமிழில் இதற்கு 'விஷமூங்கில்' என்னும் பெயர் முன்பே உண்டு. விஷம் வடசொல், நம் நாவில் விடம்; அதை நஞ்சு என்று மாற்றி 'நஞ்சுமூங்கில்' எனச் சொல்லிப் பாருங்கள், ஞகரமும் ஙகரமும் மூக்கொலியால் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். ஆனால் மூங்கில் புல்லினம் ஆயிற்றே, கிழங்குச்செடிக்கு அது எப்படி வந்தது? இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றி உருண்ட தண்டாய் எழுவதைக் கண்டவர் மூங்கிலை நினைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. நஞ்சு என்றதிலோ ஐயமே இல்லை: கிழங்கில் லைக்கோரின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது, தின்றால் குமட்டும். அந்தக் குமட்டலையே பயனாக்கி, 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்துநூல் இக்கிழங்கை வாந்தி மருந்தாகச் சேர்த்துக்கொண்டது.

வடமொழி பூவை மட்டும் பார்த்து 'சுதர்சனம்', நற்காட்சி, என்றது. மலையாளக் கரைப் பயிர்களைத் தொகுத்த வான் ரீடின் நூல் (1678–1693) 'பெலுத்த பொல தாளி' என்று பதிந்தது. முதற்சொல் நம் 'வெளுத்த', வகரம் பகரமாய்த் தடித்திருக்கிறது. 1753இல் லின்னேயசு இட்ட 'கிரினம் ஆசியாட்டிக்கம்' என்பதில் உள்ள கிரினம், லில்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பாக்கோங்கும் இளஞ்சொல் அன்று. பிலிப்பீன்சுத் தகாலோகு மொழியிலும் இதே செடி 'பக்கோங்'. மலாயும் தகாலோகும் சேர்ந்த கடலோடிகளின் மொழிக்குடும்பத்தில் பரவிய பழஞ்சொல் அது. செடியின் விதையும் தக்கைபோல் மிதந்து கரைகள் மாறும். ஆயினும் மலாயில் அச்சொல் இன்று பலவகை லில்லிகளுக்கும் பொதுவாக விரிந்துவிட்டது. நஞ்சுமூங்கிலோ இந்த ஒன்றை மட்டுமே சுட்டுகிறது, சுட்டும்போதே எச்சரிக்கிறது. கெடாவின் தமிழ்ப்பள்ளித் தோட்டங்களில் இச்செடி நிற்குமானால், பெயர்ப்பலகையில் இதையே எழுதலாம்.