மூன்று மடக்குக் கத்திகளும் ஒரு கீலும்

அன்றாட முரட்டு வேலைக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும். அட்டைப்பெட்டி பிரிக்கணும், நைலான் கயிறு அறுக்கணும், ஒயர் சீவணும், பயணத்தில் மாங்காய் நறுக்கணும். எதை வாங்கலாம்? இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுபவை இரும்பு வகைகளின் பெயர்களும் கடினத்தன்மை எண்களும்தான். அட்டவணை போட்டு ஒப்பிடுவது என் தொழில் என்பதால் எனக்கும் அந்தச் சபலம் உண்டு. ஆனால் மடக்குக் கத்தியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், அதைச் செய்தவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது வேறொரு கேள்வியில் என்று தெரிகிறது. விரித்த அலகு திரும்ப விரல்மேல் மடங்காமல் யார் பிடித்துக்கொள்வது?

வீட்டில் மடக்கு அருவாமனை இருந்தால் விஷயம் எளிதில் புரியும். காய்கறியை அலகின் கூர்பக்கம் அழுத்தும்போது அலகு இன்னும் விரியத்தான் பார்க்கும். அந்தத் திசையில் ஒரு தடை இருந்தால் போதும். மடக்குக் கத்தியும் அப்படித்தான். சாதாரணமாக அறுக்கும்வரை ஆபத்து குறைவு. பெட்டியில் முனையைக் குத்துகிறோம், இறுகிப்போன கத்தியை ஆட்டி உருவுகிறோம், தோலில் துளை போடுகிறோம் என்றால் விசை அலகின் முதுகுப் பக்கம் விழும். அப்போது கத்தி மடங்கும். மடங்குகிற வழியில் நம் விரல்கள் இருக்கும். முரட்டு உபயோகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான்.

மடக்குக் கத்தி புதிய சரக்கு கிடையாது. ரோமானியர்களிடமே இருந்தது. நம் ஊரிலும் ஓலைச்சுவடிக் காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. எழுத்தாணியும் ஓலை வாரும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்கும். இறகுப் பேனாவைச் சீவியதால் ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் நம் வாயில் பேனாக்கத்தி ஆனது. ஆக, எழுதுகிறவன் எங்கே இருந்தானோ அங்கே ஒரு சின்னக் கத்தியும் கூடவே இருந்திருக்கிறது.

இன்றும் கடையில் கிடைக்கிற மூன்று புகழ்பெற்ற கத்திகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் 1890-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் பிறந்தவை. ஒன்று ஸ்விட்சர்லாந்து, ஒன்று பிரான்ஸ், ஒன்று ஜப்பான். மேலே கேட்ட கேள்விக்கு மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன.

முதலாவது ஸ்விஸ் ராணுவக் கத்தி. ஸ்விஸ் ராணுவம் 1889-இல் ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்ற ஒரு திருப்புளி வேண்டும். சிப்பாயின் சாப்பாடு டின்னில் வந்தது. அதைத் திறக்க ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் கேட்டார்கள். நம் மொழியில் சொன்னால் சுத்தமான தேவை ஆவணம். அலகு, துளையூசி, டின் திறப்பான், திருப்புளி, மரப்பிடி. இதுதான் 1890 மாடல். 100 மி.மீ. நீளம், 144 கிராம் எடை. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் தொகுதியைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து நிறுவனம். உள்நாட்டில் அவ்வளவு எண்ணிக்கையில் செய்ய ஆளில்லை.

இபாக் என்ற ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸனர் அந்த வேலையை ஸ்விட்சர்லாந்துக்குள் கொண்டுவர முயன்றார். ஜெர்மானிய விலையோடு மோதி நொடித்துப்போகும் நிலைக்கு வந்தார். அவரைக் காப்பாற்றியது 1897-இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தி. அதன் சூட்சுமம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. பிடியின் முதுகில் உள்ள ஒரே ஸ்பிரிங், இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும். எடை அதிகம் ஏறாமல் கருவிகளைக் கூட்ட முடிந்தது. அம்மா விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவர் பெயரையே எல்ஸனர் முத்திரையாக வைத்தார். பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது. அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல் 1921-இல் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது.

ஆக, ஸ்விஸ் பதில்: ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தினால் விட்டுவிடும். பூட்டு கிடையாது.

இரண்டாவது ஒப்பினெல். பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஒப்பினெல் குடும்பத்துக்கு அரிவாளும் கோடரியும் அடிக்கிற தொழில். மகன் ஜோசஃப், பதினெட்டு வயதில், 1890-இல் அக்கம்பக்கத்து ஆட்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். யாரும் டெண்டர் விடவில்லை. அலகு, மரப்பிடி, ஓர் ஆணி, ஆணி இருக்கும் இடத்தில் பிடி பிளக்காமலிருக்க ஒரு பூண். அவ்வளவுதான். 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வந்தன. 8-ஆம் எண், எட்டரை சென்டிமீட்டர் அலகு, இன்றுவரை அதிகம் பேர் கையில் இருப்பது.

இதில் ஸ்பிரிங்கே கிடையாது. மரமும் இரும்பும் உரசுகிற இறுக்கம்தான் அலகை நிறுத்தியது. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் தலைகாட்டும். 1955-இல்தான் மார்செல் ஒப்பினெல் பூணுக்கு மேலே சுழலும் ஒரு வளையத்தைச் சேர்த்தார். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகின் பாதையே அடைபடும். மொத்தம் ஐந்து பாகங்கள். ஒப்பினெலின் பதில்: வளையம் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது ஹிகோனோகமி. ஜப்பானில் தச்சுக் கருவிகளுக்குப் பேர்போன மிகி நகரில் 1890-களின் நடுவில் உருவானது. பெயருக்கு ஹிகோ நாட்டுப் பிரபு என்று பொருள். பெயர்தான் பிரபு, ஆள் பரம ஏழை. மடித்த தகடே பிடி. ஓர் ஆணி, ஓர் அலகு, அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வால். வேலை செய்யும்போது அந்த வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஜப்பானிய பதில்: உன் கட்டைவிரல் பிடித்துக்கொள்ளும்.

இதைப் பெரியவர்கள் மட்டும் வைத்திருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருந்தது. பென்சில் சீவினார்கள், மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்தார்கள். விரலில் வெட்டு வாங்கித்தான் கத்தி பிடிக்கப் பழகினார்கள்.

12 அக்டோபர் 1960. டோக்கியோவின் ஹிபியா அரங்கில் ஜப்பான் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது பதினேழு வயதுப் பையன் ஒருவன் மேடையேறி அவரைக் குத்திக் கொன்றான். கையில் இருந்தது குறுவாள். ஹிகோனோகமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கூரான எதுவும் இருக்கக்கூடாது என்று நாடு தழுவிய இயக்கம் கிளம்பியது. பென்சில் பெட்டிகள் காலியாயின. பென்சில் சீவ இயந்திரமும் வந்துவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த முத்திரைப் பெயருக்கு உரிமையுள்ள தயாரிப்பாளர் மிகியில் ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

இங்கேதான் கீல் வெறும் பொறியியல் சமாச்சாரமாக இல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை யாரும் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அங்கே அது நிலைக்கத்திக்குச் சமம்; தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஒப்பினெல் 8 இரண்டு வகையிலும் மாட்டிக்கொள்ளும். விரலைக் காக்க வந்த வளையம் சட்டத்தின் கண்ணுக்கு ஆயுத லட்சணம்! குத்தும்போது மடங்காத கத்தி பெட்டியையும் குத்தும், ஆளையும் குத்தும் என்பது சட்டத்தின் தர்க்கம். தப்பென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது கூலிவேலை செய்கிறவனின் விரல். ஸ்விஸ் ராணுவமோ எதிர்த்திசையில் போனது. 2008 மாடல் சிப்பாய் கத்தியில், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அலகுக்குப் பூட்டு வைத்தது. அதே விக்டோரினாக்ஸ் 2024-இல், பல நாட்டுச் சட்டங்களைக் காரணம் காட்டி, அலகே இல்லாத ஒரு கருவியை உருவாக்கி வருவதாகச் சொன்னது. பேனாக்கத்தி, கத்தி போய் வெறும் திருப்புளியாக மிஞ்சும் போலிருக்கிறது.

சரி, எதை வாங்குவது? என் கணக்கு இது. தினமும் அட்டைப்பெட்டி, கயிறு, தோட்டம் என்றால் ஒப்பினெல். பாகம் குறைவு, பூட்டு உண்டு, வீட்டுச் சாணைக்கல்லிலேயே தீட்டிவிடலாம். ஆனால் அதைக் கொண்டு எதையும் நெம்பக் கூடாது. மெல்லிய அலகு, முனை போய்விடும். சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரில் கார்பன் எஃகு வாரத்தில் துரு காட்டும் என்பதால் எவர்சில்வர் வகையே மேல். அறுப்பதைவிடத் திருகுவதும் திறப்பதும் அதிகம் என்றால் ஸ்விஸ் கத்தி. அதில் முனையால் குத்தும் வேலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹிகோனோகமி, பொறுமையாக மரம் சீவுகிறவர்களுக்கு. எதுவானாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

என் பெண் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்குக் கத்தி பழக்க நான் எடுத்தது பூட்டு உள்ள ஒப்பினெல் அல்ல, ஹிகோனோகமி. ஒரு பென்சில், பக்கத்தில் நான். பூட்டு இருந்தால் அவள் பூட்டை நம்புவாள். இதில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு சீவலுக்கும் நினைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இதற்கு இன்னும் முழு ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கத்தி இருப்பது என் மேசை இழுப்பறையில், சாவி என்னிடம்.