வாவியின் குரலும் தோணிக்காரர் பெயரும்

முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போக வேண்டும். காற்று விழுந்து தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரம் பார்த்து, சவள் எனப்படும் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால், அடியிலிருந்து நீளமான ஒரு முனகல் மெல்ல ஏறிவரும். மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேன்நாடு’ என்ற பெயர் இந்த ஓசையால் வந்தது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள்தான் இதற்குத் தோதான காலம் என்பார்கள்.

சவள் எதற்கு? நீருக்குள் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் மேலே வந்து காற்றைத் தொடும் இடத்தில் பெரும்பகுதி திரும்பித் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். தோணியில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். மரம் அப்படியல்ல, நீரின் அதிர்வை வாங்கிக் காதுவரை கொண்டுவந்து சேர்க்கும். பௌதிகம் படிக்காமலே இதைக் கண்டுகொண்டவர்கள் வாவியில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். இந்த வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் முதலிடம்.

1848 இல் அவர்களைத் தேடி ஒருவர் வந்தார். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். நிலா எழுந்த பிறகு, கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே சுமார் 200 யார் தூரம் மீனவர்கள் அவரைப் படகில் கொண்டுபோனார்கள். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசையைப் போன்றது அது என்று டெனன்ட் எழுதினார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை கூடியதையும் குறித்தார். ஓசை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தபோது, ஊரிதான் கத்துகிறது என்றார்கள். மட்டக்களப்பார் சிப்பி, சோகி வகைகளைச் சொல்லும் அந்த ‘ஊரி’ என்ற சொல், 1859 இல் வெளிவந்த டெனன்டின் ‘சிலோன்’ நூலில் ஆங்கில எழுத்தில் அச்சேறியது.

இதையும் ஒரு நேர்காணல் என்றே சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் இருந்தார், விஷயம் தெரிந்தவர் பதில் சொன்னார், பதில் பதிவாயிற்று. பதில் சொன்னவரின் பெயர் மட்டும் பதிவாகவில்லை.

இதே ஓசையை இசையாகக் கேட்டவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892 இல் பிறந்தவர். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். வாவியின் ஓசையை வைத்து அவர் பாடியது ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’. பழந்தமிழர் யாழ்களின் சுருதிக் கணக்கை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19 அன்று, அவர் மறைந்தார். அவருடைய சமாதி இருப்பது கல்லடியில், மீன் பாடும் பாலத்துக்குக் கிட்டத்தான்.

பாட்டில் ஏறிய இந்த ஓசை வானலையில் ஏறுவதற்குக் காலம் பிடித்தது. இலங்கையில் 1925 டிசம்பரிலேயே கொழும்பிலிருந்து முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 1949 இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. நிலையம் கொழும்பில், மட்டக்களப்பு கிழக்குக் கரையில். ஒரு ஊரின் குரல் வானலையில் ஏற வேண்டுமென்றால், அந்த ஊர்க்காரர் கொழும்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒலிப்பதிவுக் கருவி ஊருக்கு வர வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கருவி வந்தது 1954 இல். கொண்டுபோனவர் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார். சவளின் முனையில் தனியொருவர் காதுக்கு மட்டும் கிடைத்து வந்த ஓசை, அவர் எடுத்த பதிவால் நாடாவில் ஏறிற்று. பின்னர் அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. வாவியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட வீட்டு வானொலிப் பெட்டியில் அதைக் கேட்டார்கள். அதுவரை மட்டக்களப்பார் பெருமையாகச் சொல்லி வந்த கதைக்கு அன்று சாட்சி கிடைத்தது.

ஆனால் பாடுவது எது என்பதற்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. மீன் என்பார் ஒரு சாரார், ஊரி என்பார் மறுசாரார். அமெரிக்காவில் சோசலிட்டோ என்ற ஊரிலும் இதே போன்ற புதிர் எழுந்தது. அங்கே படகு வீடுகளில் குடியிருந்தவர்களின் தூக்கத்தை 1980களில் இரவு முழுவதும் ஒரு ரீங்காரம் கெடுத்தது. கழிவுநீர் இயந்திரம் என்றுகூடச் சந்தேகித்தார்கள். கடைசியில் அது இணை தேடும் ஆண் மீன்களின் ஓசை என்று தெரிந்தது. காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து அவை அந்த ஓசையை எழுப்புகின்றன. மட்டக்களப்பு வாவியிலும் அப்படியொரு மீன் இருக்கலாம்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இரவில் வாவிக்குப் போவது உயிருக்கு ஆபத்தான காரியமாயிற்று. நிலவில் தோணி விட்டுக் காது கொடுக்கும் பழக்கம் அறுந்துபோக, அந்த ஓசையைக் கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் முடிந்தபின் அதைத் தேடி மீண்டும் ஆட்கள் வந்தார்கள். 2014 இல் பிபிசி இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. இப்போதும் இடத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் மீனவர்கள்தான். எந்தத் தூணுக்கு அருகே நிறுத்துவது, நீர் எந்த அளவில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதெல்லாம் அவர்களுக்கே கைவந்தது.

சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் இரு கரைகளிலும் இந்த மீனவர்களைப் போல வானொலி உட்காரவைத்துப் பேட்டி காண வேண்டியவர்கள் ஏராளம். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை நினைத்துப் பார்க்கலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்துகளை மேடையேற்றியபோது, ஊர்க் களரியின் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய பெயர் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் உடனிருந்தவர்கள் அதை எழுதிவைத்தார்கள்.

லாங் அடிகளாரின் பெயரும் அப்படியே நிலைத்தது, அது நியாயம். ஆனால் இந்தக் கதை சொல்லப்படும்போது தோணிக்காரர் யாருடைய பெயரும் காதில் விழுவதில்லை. டெனன்டுக்கு ஊரியைச் சொன்னவரும் அப்படித்தான் பெயரில்லாமல் போனார்.

1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் திறந்தாயிற்று. வாகன இரைச்சல் புதிய பாலத்துக்கு மாறிவிட்டது. பழைய பாலத்தில் மாலை வேளைகளில் ஆட்கள் நடக்கிறார்கள், கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கைபேசிகள் எல்லாவற்றிலும் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. கீழே தோணிகள் நிற்கின்றன. அவற்றின் அணியத்தில், சவளில் வாவியைக் கேட்டுப் பழகிய வயதான மீனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஊரும் பேரும் கேட்டு, பதிவின் தொடக்கத்தில் அவர்களே தம் வாயால் சொல்லும்படி செய்து, அதன்பிறகு மீனைப் பற்றிக் கேட்கலாம்.