நாலு பேர் போடும் மார்க்!

முன்பின் தெரியாத ஒருத்தரை எப்படி நம்புவது? பெண் கொடுப்பதாக இருந்தாலும் சரி, கடன் கொடுப்பதாக இருந்தாலும் சரி, ‘நாலு பேரிடம்’ விசாரிப்போம். ஆளின் முகமே தெரியாத இன்டர்நெட்டில் அந்த நாலு பேருக்கு எங்கே போவது?

வியாபாரத்தில் இந்தத் தலைவலி சீக்கிரமே வந்தது. 1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலக்கடைதான் பிற்பாடு ‘ஈபே’ ஆனது. அடுத்த வருடமே அவர் ஓர் ஏற்பாடு செய்தார். விற்றவரைப் பற்றி வாங்கியவரும், வாங்கியவரைப் பற்றி விற்றவரும் கருத்து எழுதலாம். பாராட்டினால் 1 கூடும், திட்டினால் 1 குறையும். கூட்டிக் கழித்து வரும் நம்பர், ஆசாமியின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும்!

சரக்குக்குச் சரி... அறிவுக்கு? 2005-ல் ‘யாஹூ ஆன்ஸர்ஸ்’ வந்தது. கேள்வி கேட்டால் 5 பாயின்ட் போகும். பதில் சொன்னால் 2 வரும். சிறந்த பதிலுக்கு 10. இதில் ஓர் ஓட்டை இருந்தது. பதில் எத்தனை மட்டமாக இருந்தாலும் அந்த 2 நிச்சயம்! ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதியே பாயின்ட் சேர்த்த மகானுபாவர்கள் உண்டு. 2021-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.

ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெஃப் அட்வுட் என்ற இரண்டு சாஃப்ட்வேர்காரர்கள் 2008-ல் ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’வை ஆரம்பித்தபோது இந்த ஓட்டையை அடைத்தார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களின் சந்தேகங்களுக்கான இடம் அது. வெறுமனே பதில் எழுதினால் அங்கே ஒன்றும் கிடைக்காது. படித்தவர்கள் ஓட்டுப் போட்டால், ஓர் ஓட்டுக்கு 10. கேள்வி கேட்டவரே ‘இதுதான் சரி’ என்று டிக் அடித்தால் 15. எதிர் ஓட்டு விழுந்தால் 2 அவுட். இதைவிட அழகான விதி ஒன்று: ஒருவர் பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டால், போட்டவருக்கும் 1 குறையும்! சேற்றை வாரி இறைத்தால் கையிலும் கொஞ்சம் ஒட்டத்தானே செய்யும்?

சேர்த்த பாயின்ட்டைக் காசாக்க முடியாது. கிடைத்தது பொறுப்பு. 15 சேர்ந்தால் ஓட்டுரிமை. 2,000 சேர்ந்தால் மற்றவர் எழுதியதை நேரடியாகவே திருத்தலாம். சுருக்கமாகச் சொன்னால், ஊர்ப் பெரியவர் பதவி!

2018 ஜனவரியில் ஜான் ஸ்கீட் என்ற இங்கிலாந்துக்காரர் முதன்முதலாகப் பத்து லட்சத்தைத் தொட்டார். ஓட்டுகளால் ஒரு நாளில் 200-க்கு மேல் சேர்க்க முடியாது. அந்தக் கணக்கில் பத்து லட்சத்துக்கு 5,000 நாட்கள், கிட்டத்தட்ட 14 வருடங்கள் ஆகும். மனிதர் பத்து வருடத்துக்குள் முடித்துவிட்டார். ‘டிக்’ அடித்து வரும் 15-க்கு உச்சவரம்பு கிடையாது, அதுதான் சூட்சுமம்! இன்னொரு வேடிக்கை... வேலை பார்த்தது கூகுளில். அவர் பெரிதும் விளக்கம் சொன்னதோ மைக்ரோசாஃப்டின் ‘சி ஷார்ப்’ மொழிக்கு.

அப்படியானால் அந்த நம்பர்தான் அறிவின் அளவா? இல்லை. பத்தாயிரம் பேருக்கு வரும் சாதாரண சந்தேகத்துக்கு ஓட்டு குவியும். பத்தே பேருக்கு வரும் சிக்கலை அவிழ்த்தவருக்கு நாலு ஓட்டு கிடைத்தால் அதிகம். நல்ல கேள்விக்கான ஓட்டின் மதிப்பையே 2010-ல் 10-லிருந்து 5 ஆக்கினார்கள். 2019-ல் மறுபடி 10, அதுவும் பழைய ஓட்டுகளுக்கும் சேர்த்து! பலருடைய ‘மதிப்பு’ அவர்கள் விரலைக்கூட அசைக்காமல் உயர்ந்தது.

2022 நவம்பர் கடைசியில் ‘சாட்ஜிபிடி’ வந்தது. சில நாட்களிலேயே, அது எழுதும் பதில்களைப் போடக்கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தடை. பார்க்கச் சரியாக இருக்கும், பல சமயம் தப்பாக இருக்கும், நொடியில் தயாராகிவிடும். சரிபார்க்கும் மனிதர்கள் எத்தனையைத்தான் பார்ப்பார்கள்?

2024 மே மாதம் கதை திரும்பியது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ‘ஓபன்ஏஐ’யுடன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே ஒப்பந்தம் போட்டது. கோபத்தில் தங்கள் பழைய பதில்களை அழிக்கவும் மாற்றவும் முயன்ற சிலரின் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. பாயின்ட் அவர்கள் பெயரில்தான் இருந்தது. பதில் மட்டும் கைவிட்டுப் போயிருந்தது.

அந்த நம்பருக்குப் பின்னால், யாரோ ஒருவருக்காகத் தன் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார். ‘நாலு பேர்’ நம்பியது அவரைத்தான். இயந்திரம் பதில் சொல்லும். சொன்னது தப்பென்றால் அதற்கு என்ன குறையும்?