மலையேறிய மீனும் கடல் கடந்த இறகும்

சோளிங்கர் என்றவுடன் பலருக்கும் யோக நரசிம்மர் மலை நினைவுக்கு வரும். வரலாறு பயிலும் மாணவர்களுக்கு, 1781-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் அங்கே பொருத போர் நினைவுக்கு வரும். எனக்கோ அவ்வூர் ஏரிக்கரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிறு வயதில் நாங்கள் புல்லில் வெட்டுக்கிளி பிடித்துத் தூண்டில் முள்ளிற் கோத்துக் காத்திருப்போம். விரால் வேண்டுமென்றால் தவளை. அந்த வெட்டுக்கிளியையே இறகாலும் மயிராலும் செய்து, நீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவோரும் உண்டென்று பின்னாளில் அறிந்து வியந்தேன். அவ்வேட்டையின் வரலாறு நம் நீலகிரியையும் தொட்டுச் செல்கிறது.

அவர்கள் தேடும் மீன் டிரவுட். குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரிலேதான் அது வாழும். நீர் சூடேறினால் அதிற் கரைந்துள்ள உயிர்வளி குறையும்; மீன் திணறும். நம் பாலாற்றில், தோல் தொட்டிகளின் கழிவு ஒரு துளியும் கலவாத பழங்காலத்திலும், அது பிழைத்திராது. நீலகிரி ஓடைகளோ அதற்கென்றே அமைந்தவை போன்றவை. ஆனால் அங்கு மீனினம் மிக அரிது. உதகையிற் குடியேறிய ஆங்கிலேயருக்கு இது பெருங்குறையாகப் பட்டது.

1863-இல் பிரான்சிஸ் டே என்னும் படை மருத்துவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை வரவழைத்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. வெப்பக் கடலைக் கடந்துவந்த முட்டைகள் அழிந்தன. அம்முயற்சி தோற்றும் ஆசை தணியவில்லை. 1879-இல் நீலகிரிக்கென ஒரு வேட்டைச் சட்டம் இயற்றப்பட்டபோது, வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கப்படும் மீன்களுக்கும் அதில் காப்பு அளித்தார்கள். மீன் நிலைபெறுமுன்னரே சட்டம் நிலைபெற்றுவிட்டது! 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் சென்னை அரசின் மீன்வள நிபுணரான வில்சன் வெற்றி கண்டார். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட், அதற்குள் இலங்கை மலைகளில் குடிபுகுந்திருந்தது. அங்கிருந்து அதன் முட்டைகள் வந்தன. 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகமும் எழுந்தது.

இனி அந்தப் பொய்ப் பூச்சிக்கு வருவோம். கோடையில் கரைப்புல்லிலிருந்து காற்று வெட்டுக்கிளிகளை ஓடையில் தள்ளும். நீரிற் பிறக்கும் சிற்றீக்கள் பல சேர்ந்தாலும் ஒரு வெட்டுக்கிளிக்கு ஈடாகா; எனவே மீன் அதனை விடாது. வேட்டைக்காரர் உள்ளே காற்றுள்ள மான்மயிரை முள்ளிற் கட்டிக் கத்தரித்து, மிதக்கும் உருவம் செய்வார். அதற்கு எடை இல்லை. எடையெல்லாம் கயிற்றில்தான், கயிற்றை வீசினால் பூச்சி பின்தொடர்ந்து போய்க் கரையோரம் விழும். ஓடும் நீர் தன்போக்கில் அதனைக் கொண்டுசெல்ல வேண்டும். கயிறு சற்றே இழுத்தாலும் மீனுக்கு ஐயம் வந்துவிடும்.

பூச்சி கட்டுவோர் பொன்போற் போற்றிய பொருள் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது. அது சாம்பற் காட்டுச்சேவலின் கழுத்திறகு. மெழுகு பூசினாற்போன்ற மஞ்சளும் வெள்ளையுமான புள்ளிகள் அதில் மின்னும். இறகு ஏற்றுமதிக்கு 1902-இல் தடை வந்தது. ஆயினும் மோகம் குறையவில்லை. பென்சில்வேனியாவின் லெட்டார்ட் ஓடையில் மீன்பிடித்த வின்சென்ட் மரினாரோ 1950-இல் ஒரு நூல் எழுதினார். நிலத்துப் பூச்சிகளைப் போலச் செய்வதில் அந்நூல் புதுவழி காட்டியது. அவர் கட்டிய குறும்பூச்சி ஒன்றின் முதுகு இந்தக் காட்டுச்சேவல் இறகே. அவர் போலச் செய்த பூச்சியினத்தை நம் உழவர் தத்துப்பூச்சி என்பர். பயிரின் பகையாக அறிவர்.

மீன் இங்கே வந்தது. இறகு அங்கே போயிற்று. இதனை நல்ல பண்டமாற்று என்று எழுதியோரை நான் படித்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. பெருமீன் இல்லாத ஓடையில் அச்சமின்றி வளர்ந்த தவளைக் குஞ்சுகளுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் புதிய வேட்டையாடி வந்து சேர்ந்ததை அக்கணக்கில் யாரும் எழுதவில்லை. சேவலுக்கும் இந்தியச் சட்டத்தின் முழுக் காவல் கிட்டியது 1972-க்குப் பிறகுதான்.

ஒருமுறை அவலாஞ்சியில் ஓடைக்கரையில் அமர்ந்திருந்தேன். புல்லிலிருந்து வெட்டுக்கிளி ஒன்று தவறி நீரில் விழுந்தது. இரண்டு முழம் மிதந்திருக்கும். நீர் சிறிது சுழித்தது, பூச்சியைக் காணவில்லை. எதிர்ச்சோலையில் காட்டுச்சேவல் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது.