பொருநைக் கரைப் பந்தி – 14: எலிக்குப் பலித்த எண்ணெய்

தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த கார் நெல்லும் பிசான நெல்லும் வீட்டு உரலை விட்டு மில்லுக்குப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குத்திய அரிசியில் ஒட்டியிருந்த தவிடு, மில் அரிசியில் இல்லாமல் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. தவிட்டோடு சேர்ந்து பிள்ளைப்பேற்றுச் சத்தும் போய்விட்டது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் குறிப்பிடுவது வைட்டமின் ஈ-யை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனை பக்கத்து மருந்துக்கடை எதிலும் அந்தப் பச்சை நிற மாத்திரை கிடைக்கும். முகப்பொலிவுக்கு என்று வாங்கி, குத்திப் பிழிந்து கன்னத்தில் தடவுகிறவர்கள் ஒரு பக்கம்; குழந்தை தங்க வேண்டும் என்று விழுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். முன்னவர்களை விட்டுவிடலாம். பின்னவர்களின் நம்பிக்கைக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழ்நாட்டுக் கர்ப்பிணியிடம் உண்மையில் குறைந்திருந்த சத்து வேறு. அதைத் தேடும் வேலை நம் குன்னூரிலேயே நடந்தும், பெயரைத் தட்டிச் சென்றது வைட்டமின் ஈ.

1922-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும் எலிகளுக்குச் சுத்திகரித்த தீனி மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். பால் புரதம், மாவுச்சத்து, பன்றிக்கொழுப்பு, தாது உப்புகள், ஈஸ்ட் ஆகியவைதான் தீனி. எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன; இணை சேர்ந்தன; கருவும் தங்கியது. ஆனால் பாதியில் அந்தக் கரு செத்து, தாயின் உடலுக்குள்ளேயே கரைந்து மறைந்தது. லெட்யூஸ் கீரையைத் தின்னக் கொடுத்ததும் அதே எலிகள் உயிருள்ள குட்டிகளை ஈன்றன. ஆண் எலிகளின் கதை இன்னும் மோசம். சத்துக்குறை நீடித்தால் விந்தகமே சிதைந்துபோகும். பிறகு எதைக் கொடுத்தாலும் திரும்பாது. கீரைக்கு அடுத்து எவன்ஸ் பிடித்தது கோதுமை முளை. அதிலிருந்து எடுத்த எண்ணெய் சில சொட்டுகளே போதுமானதாக இருந்தது. பன்றிக்கொழுப்பு காறும்போது இந்தச் சத்தை அழித்துவிடுகிறது என்பது பின்னால்தான் விளங்கியது. இயற்கையான தீனி தின்னும் எலிக்கு இந்த நிலை வராது. ஆய்வுக்கூடம் முனைந்து உண்டாக்கிய பஞ்சம் அது.

கோதுமை முளையில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் காறிவிடும். அதனால்தான் மாவு மில்கள் முளையைப் பிரித்து ஒதுக்கின. இந்த இடத்தில் அல்வாவைச் சொல்லாமல் நெல்லைக்காரர் யாரும் தாண்டிப்போக மாட்டார். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, துணியில் வடித்துப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுகிறோம். தவிடும் முளையும் பெரும்பாலும் சக்கையில் தங்கிவிடும். எவன்ஸ் தேடித் திரிந்த பொருளை நாம் வடிகட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய மாவுச்சத்தைத்தான் கொண்டாடுகிறோம்! அதனால் ஊருக்கு ஒரு நஷ்டமும் வந்ததாகத் தெரியவில்லை. 1936-இல் எவன்ஸ் குழுவினர் அந்தச் சத்தைத் தனியே பிரித்து டோகோஃபெரால் என்று பெயரிட்டார்கள். 1938-இல் பால் காரர் அதைச் செயற்கையாக உருவாக்கினார். மாத்திரையாக்க வழி பிறந்தது.

எலியிலிருந்து பெண்ணுக்கு வந்த பாதை அவ்வளவு உறுதியானதல்ல. 1931-இல் டென்மார்க் மருத்துவர் வோக்ட்-மொல்லர், திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களுக்குக் கோதுமை முளை எண்ணெய் கொடுத்துக் குழந்தை பிறந்ததாக லான்செட் இதழில் எழுதினார். அவர் முதலில் விவரித்தது இரண்டே பேரை. அவர் பொய் சொல்லவில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மருந்து எதுவுமின்றியே அடுத்த முறை பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே எண்ணெய் குடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த எண்ணெயும் பலித்ததாகவே தோன்றும். குடிக்காத ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அன்று மருத்துவத்தில் வேரூன்றவில்லை.

மனிதருக்கு வைட்டமின் ஈ குறைந்தால் என்ன ஆகும் என்று நேராகப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் எல்ஜின் அரசு மனநல மருத்துவமனையில் 1950-களில் மேக்ஸ் ஹார்விட், அங்கிருந்த ஆண்களுக்கு இந்தச் சத்து குறைந்த உணவை ஆண்டுக்கணக்கில் கொடுத்தார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதற்கு ஒப்புக்கொள்ளாது. இரத்தத்தில் அளவு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. சிவப்பணுக்கள் சோதனைக் குழாயில் எளிதாக உடைந்தன. நோய் என்று ஒன்று தெளிவாகத் தலைகாட்டவில்லை. உடற்கொழுப்பில் சேமிப்பு அவ்வளவு இருக்கிறது. ஈரலில் இந்தச் சத்தைக் கையாளும் புரதம் பிறவியிலேயே பழுதான அரிய நோயாளிகளுக்கு மட்டும் கடுமையான குறை வருகிறது. அவர்களிடம் முதலில் கெடுவது நரம்பு. நடை தள்ளாடுகிறது, அனிச்சைச் செயல்கள் மறைகின்றன. மனிதனிடத்தில் வைட்டமின் ஈ-யின் முதல் வேலை கருப்பையில் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். புழுக்கும்போது பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள், பச்சரிசியை மில்லில் தீட்டி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களைப்போல் பெரிபெரியில் சிக்காததற்கு அதுவே காரணம். எண்ணெயில் கரையும் வைட்டமின் ஈ அப்படி உள்ளே இறங்காது, தவிட்டோடு போய்விடும். ஆனால் அந்த இழப்பைச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் நிலக்கடலையும் முருங்கைக்கீரையும் ஈடுகட்டின. நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை, உடல் விரும்பிச் சேமிப்பது ஆல்ஃபா வகை என்று விவரமறிந்தவர் மடக்கலாம். சரிதான். கடலையிலும் கீரையிலும் ஆல்ஃபா உண்டு. எள்ளிலுள்ள செசமின் என்ற பொருள் காமா வகையையும் உடலில் கூடுதலாகத் தங்கவைக்கிறது.

அப்படியானால் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிக்குக் குறைந்தது எது? 1928-இல் இலண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடுமையான சோகையால் மாண்டுகொண்டிருந்தார்கள். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். அங்கே உணவு ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். அவரும் எலியில்தான் தொடங்கினார். அந்த எலிகளுக்குப் பேன் பிடித்து, பேன் கொண்டுவந்த தொற்றே சோகை ஆய்வைக் குழப்பிவிட்டது! எலியை விட்டுக் குரங்குக்கு மாறினார். முக்கியமாக, நோயுற்ற பெண்களையே பார்த்தார். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றியது. அதில் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1941-இல் ஸ்பினாச் கீரை இலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சோதனை, முன்பு தண்டுவடக் கோளாறுள்ள குழந்தை பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் அக்கோளாறு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. ஒரு குழுவுக்குக் கொடுத்து இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுத் தேறிய முடிவு அது. வைட்டமின் ஈ-க்கு அத்தகைய முடிவு இன்றுவரை கிடைக்கவில்லை.

எதிர்வாதங்களில் எளிதில் தள்ள முடியாத ஒன்று பக்கத்து வங்கதேசத்திலிருந்து வருகிறது. அங்கே கிராமப்புறக் கர்ப்பிணிகள் சுமார் 1,600 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ஃபா டோகோஃபெரால் குறைவாக இருந்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டது. அவர்களும் நம்மைப்போல் சோறு உண்பவர்கள்; எண்ணெய் குறைவாகச் சேர்ப்பவர்கள். நீராகாரமும் துவையலுமாக நாளைக் கடத்திய தாமிரபரணி வயல் கூலிப் பெண்களுக்கும் இது பொருந்தாதா என்று கேட்டால், பொருந்தக்கூடும் என்றுதான் சொல்வேன். ஆனால் இரத்தத்தில் கொழுப்பு குறைந்தாலே அதில் மிதக்கும் டோகோஃபெராலும் குறையும். எண்ணெய் வாங்க முடியாத வீட்டில் பருப்பும் கீரையும்கூடக் குறையும். எது காரணம், எது உடன்வந்தது என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. வறுமையால் எண்ணெய் கிட்டாதவருக்கு எண்ணெய் தேவை என்பது வேறு. வயிறாரச் சாப்பிடுகிறவர் மாத்திரையால் கர்ப்பத்தில் பலன் பெறுவார் என்பது வேறு. பின்னதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,400 கர்ப்பிணிகளுக்கு நடந்து 2006-இல் வெளியான சோதனையில் வைட்டமின் சி-யும் ஈ-யும் கர்ப்பகால இரத்த அழுத்த நோயைத் தடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் அதிகம் பிறந்தன. இப்படிப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வில் நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது மட்டும் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வைட்டமின்களையும் பரிந்துரைக்கவில்லை. இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் பரிந்துரைத்தது.

ஆண்களுக்கு என்ன வழி? விந்தணுவின் உறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். அதைக் காப்பது வைட்டமின் ஈ. ஆகவே இங்கே வாதம் வலுவாகவே தோன்றும். சிறு சோதனைகள் சில பலன் காட்டவும் செய்தன. ஆனால் அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், வைட்டமின் ஈ கலந்த கூட்டு மாத்திரை விந்தணுவின் ஓட்டத்தையும் மரபணுச் சேதத்தையும் வெற்று மாத்திரையைவிட மேம்படுத்தவில்லை. மருத்துவர் எழுதித் தந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளலாம். கடையில் தானாக வாங்கிப் பெருமளவில் விழுங்குவதற்கு ஆதாரம் போதாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

கடைசியாக ஊர்ப்பெருமை சார்ந்த ஒரு வாதம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நெல்லைச் சீமையில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது, உளுந்துமாவைக் கருப்பட்டிப் பாகில் வேகவைத்து நல்லெண்ணெய் மிதக்க இறக்குவது, முன்னோர் வைட்டமின் ஈ-யை அறிந்திருந்ததற்குச் சாட்சி என்கிறார்கள். பொருநைக் கரையிலேயே, பாளையங்கோட்டையில், 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மரபைப் புரிந்துகொள்ள அதன் சொந்தக் கணக்கே போதும்; கலிபோர்னியா எலியின் முத்திரை அதற்குத் தேவையில்லை. சத்துக் கணக்கே வேண்டும் என்றாலும் அந்தக் களியில் எண்ணெயைவிட உளுந்துக்குத்தான் முதலிடம்: புரதம் நிறைந்தது, லூசி வில்ஸ் தேடிய ஃபோலேட்டும் உள்ளது. வெந்தால் அதில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். மக்களிடம் உள்ள சத்துக்குறையை ஈடுகட்ட அரசு உளுந்தை நம்பவில்லை. ரேஷன் அரிசியிலேயே செறிவூட்டிய மணிகளைக் கலக்கத் தொடங்கியது. அந்தக் கலவை அரிசியில் கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், கூடவே பி12 இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கட்டாயச் சத்துகளின் அந்தப் பட்டியலில் வைட்டமின் ஈ இல்லை.