நடமாடும் வீட்டை இழுத்த வண்டிகள்

பிரயாண டிரெய்லர் என்று இன்று வழங்கும் நடமாடும் வீட்டைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் அதன் படுக்கையிலும் அடுப்பிலும் அலமாரியிலும் மனத்தைப் பறிகொடுத்து, அதை இழுத்துச் சென்ற வாகனத்துக்கு இரண்டொரு வார்த்தைகளை மட்டுமே ஒதுக்குவது வழக்கம். உண்மையில், வீட்டைச் செய்யும் வித்தை தச்சனுக்கும் தகர வேலைக்காரனுக்கும் சீக்கிரமே கைவந்துவிட்டது; அதை இழுக்கத் தகுந்த வண்டி எது என்னும் கேள்விதான் நூறு வருஷத்துக்கு மேல் மனிதர்களைத் தடுமாற வைத்தது.

கப்பற்படையில் வைத்தியராக இருந்து, பின்பு சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிவந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் தம் விருப்பப்படி செய்வித்த ‘வாண்டரர்’ என்னும் வண்டியில், 1885-ஆம் வருஷம் தென் இங்கிலாந்திலுள்ள ட்வைஃபோர்டிலிருந்து வடக்கே இன்வர்னஸ் வரையில் யாத்திரை சென்றார். மஹாகனி மரத்தாலான அந்த வீடு சாமான்களோடு ஏறக்குறைய இரண்டு டன் கனம். இழுத்தவை இரண்டே குதிரைகள். பாதை சீராக இருக்கிறதா, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேலைக்காரன் ஒருவன் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் போனான். மேட்டில் ஏறுவதைக் காட்டிலும் பள்ளத்தில் இறங்குவதே இத்தகைய வண்டிகளுக்குப் பெரும் அபாயம். இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சங்கிலியில் தொங்கும் இரும்புச் செருப்பொன்றைப் பின்சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். சக்கரம் உருளாமல் அதன்மேல் ஏறி நின்று, தரையோடு தேய்ந்துகொண்டே இறங்கும். இழுக்கிறவனுக்குப் பலம் இருந்தால் மட்டும் போதாது, பிடித்து நிறுத்தவும் வகை வேண்டும் என்பதைக் குதிரைவண்டிக்காரர்கள் இவ்வாறு நன்றாகவே அறிந்திருந்தார்கள். மோட்டார் வந்த பிறகு அந்த ஞானம் சில காலம் மறைந்துபோயிற்று.

முதல் உலக மகாயுத்தம் முடிந்த பிறகு, அமெரிக்காவில் ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டிகளில் கூடாரத்தையும் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஃப்ளோரிடாவை நோக்கிப் புறப்பட்ட ஜனங்கள், 1919-இல் டாம்பா நகரத்தில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் சங்கத்தை அமைத்தார்கள். ரேடியேட்டர் மூடியின்மேல் பற்றவைத்த தகர டப்பாதான் அச்சங்கத்தாரின் அடையாளம். அவர்களுடைய ஃபோர்டோ வெறும் இருபது குதிரைச் சக்தி உடையது. முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு வருவதனால், தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் அது எட்டாமல் வண்டி நின்றுவிடும். ஆகையால் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றுவார்கள். இப்படிப்பட்ட வாகனத்தின் வாலில் இன்னொரு வண்டியையும் மாட்டத் துணிந்தவர்களின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். யோசனையை மெச்ச முடியவில்லை.

1930-களில் டிரெய்லர்கள் பெருகியபோது, பலர் தங்கள் காரின் பம்பரிலேயே கொக்கியை மாட்டி இழுத்தார்கள். கார் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்பட்டது. அதன் வாலில் டிரெய்லரின் மூக்கு அழுத்தியதும் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் எழும்பி, சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் ஓட, ஸ்டீயரிங் ஓட்டுகிறவன் கைக்கு அடங்காமல் போய்விடும். இதற்கு அஞ்சிப் பாரத்தையெல்லாம் டிரெய்லரின் பின்புறம் தள்ளி அடுக்கினாலோ, வேகம் கூடக்கூட அது வாலை இடமும் வலமும் வீசத் தொடங்கி, இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். நம் மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்து, நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்காமலும் மேலே தூக்காமலும் மூட்டைகளை நகர்த்தி வைப்பதும் இதே நியாயத்தால்தான். டிரெய்லரின் மொத்தக் கனத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்ற பிரமாணம் இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்தே நிலைபெற்றது.

இந்தச் சிக்கலுக்கு மிக நேர்த்தியான பரிகாரம் கண்டவர் விமானத் துறையில் புகழ்பெற்ற க்ளென் கர்ட்டிஸ். 1920-களின் கடைசியில் அவர் செய்த ‘ஏரோகார்’ டிரெய்லரின் மூக்கு காரின் வாலில் தொங்காமல், இரண்டு பேர் உட்காரும் கூப்பே காரின் பின்பகுதிக்குள்ளேயே, காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்க வைத்து அமைத்த இணைப்பில் வந்து அமர்ந்தது. பாரம் பின் அச்சுக்கு நேரே இறங்கியதால் வால் வீசும் தொல்லை பெரிதும் ஒழிந்தது. ஆனால் அதற்கென்று ஒரு காரை வெட்டித் திருத்த வேண்டியிருந்தபடியால், தனவந்தர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது எட்டவில்லை. சாதாரண ஜனங்களுக்குத் துணை செய்தது பிற்பாடு 1950-களில் பரவிய வேறொரு சாதனம்: கொக்கியிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு இழுத்துக் கட்டிய இரண்டு வில் கம்பிகள், நெம்புகோலைப் போல் வேலை செய்து, பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுத்தன.

இழுக்கும் வண்டியை உரமாக்குவதற்குப் பதிலாக இழுபடும் வீட்டை இலேசாக்கியவர் வாலி பையாம். அலுமினியத் தகடுகளை ஆணியடித்து இணைத்து, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தில் 1936-இல் அவர் வெளியிட்ட ‘ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்’ 1,200 டாலருக்கு விற்றது. ஆனால் அவரே 1951-இல் மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற கூட்டத்தின் கதி வேறு மாதிரி: புறப்பட்டவை 63 டிரெய்லர்கள், நிகராகுவாவின் தலைநகரான மனாகுவாவை எட்டியவை 14. சமவெளிச் சாலைகளில் பழகியவர்களை அங்குள்ள மலைப்பாதைகளும் சேறும் சோதித்துவிட்டன. எட்டு வருஷங்களுக்குப் பிறகு 41 டிரெய்லர்களோடும் 106 பேரோடும் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டபோது, அலங்காரக் கார்களை நம்பாமல், பெரும்பாலும் டிரக்குகளையே முன்னால் பூட்டினார்கள். பையாமின் டிரெய்லரும் அதை இழுத்த இன்டர்நேஷனல் கம்பெனியின் டிரக்கும் பொன்னிறமாய் மின்னின. அந்தப் பகட்டை மன்னித்துவிடலாம், பூட்டியது டிரக் அல்லவா?

குடும்பஸ்தர்களுக்கு இதே ஞானம் மெதுவாகவே வந்தது. டிரக்கின் அடிச்சட்டத்தில் எட்டுப் பேர் உட்காரும் கூடு அமைத்த செவ்ரலே ‘ஸபர்பன்’ 1935-இலேயே வந்துவிட்டது. அவ்வழியில் இன்டர்நேஷனல் ‘டிராவலால்’ 1953-இல் வந்தது. எனினும், கனத்த சட்டமும் பெரிய எஞ்சினும் உடைய கார்கள் மலிவாக இருந்த வரையில் ஜனங்கள் அவற்றையே நாடினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து கார்கள் இளைத்த பிற்பாடுதான், டிரெய்லர் வைத்திருந்த பலர் வேறு வழியின்றிப் பிக்கப் டிரக்கின் பக்கம் திரும்பினார்கள்.

அதன் பிறகு வேறொரு கஷ்டம் முளைத்தது. எங்கள் வண்டி இத்தனை ராத்தல் இழுக்கும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் பறைசாற்ற, ஒன்றோடொன்றை ஒப்பிட வகையில்லாமற் போயிற்று. அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கம் 2008-இல் ஜே2807 என்னும் பொது விதியை வெளியிட்டது. அதில் ஒரு பரீட்சை, அரிஸோனா மாகாணத்தில் டேவிஸ் அணைக்கருகே பாலைவனத்திலிருந்து சுமார் பதினொன்றரை மைல் தூரம் ஏறும் சாலையை ஒட்டி அமைந்தது; நூறு டிகிரி ஃபாரன்ஹீட் உஷ்ணத்தில், குளிர்சாதனத்தை முழு வீச்சில் ஓட்டிக்கொண்டே, வேகம் நாற்பது மைலுக்குக் குறையாமல் பாரத்தை மேலே கொண்டுபோக வேண்டும். இழுப்பதை மட்டுமன்றி நிறுத்துவதையும் வாலை வீசாமல் ஓடுவதையும் சேர்த்துச் சோதித்த இவ்விதியை 2011-ஆம் வருஷ மாடலில் முதலில் ஏற்றது டொயோட்டா. அதன் டன்ட்ரா டிரக்குக்குரிய அளவு அதனால் குறைந்தே போயிற்று. அமெரிக்கக் கம்பெனிகள் இன்னும் சில வருஷங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தன.

இவ்வளவுக்கும் பிறகு, வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் விளம்பரத்தில் இல்லை. ஓட்டுநரின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு மேற்படக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 7,000 ராத்தல் டிரெய்லரின் மூக்கு 700 முதல் 1,050 ராத்தல் வரை அழுத்தும். தாளிலுள்ள எண் 1,400 என்று வைத்துக்கொண்டால், தகப்பனார், தாயார், குழந்தைகள், நாய், தண்ணீர்க் கேன் யாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 350 முதல் 700 ராத்தல். பத்தாயிரம் ராத்தல் இழுக்கும் எஞ்சின் உள்ளே இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.