தானம் கொடுத்த மாடும் இலவச மென்பொருளும்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தானாம்"னு ஒரு பழமொழி உண்டு. சும்மா கிடைச்சதுல குறை கண்டுபிடிக்கிறவனைக் கிண்டல் பண்ணச் சொல்றது. ஆனா எங்க சித்தப்பாகிட்ட பேசின பிறகு, பல்லைப் பிடிச்சுப் பார்த்தவன்தான் விவரமானவனோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சித்தப்பா பல்லாவரத்துல சின்னதா ஒரு எலக்ட்ரிகல் கடை வெச்சிருக்கார். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வரி வந்ததுலேர்ந்து கணக்கு எல்லாம் இணையம் வழியாத்தான். (கடை இருக்கறது ஜிஎஸ்டி சாலை பக்கம், கட்டறதும் ஜிஎஸ்டி. சாலைக்கு விரிவாக்கம் கிராண்ட் சதர்ன் டிரங்க், வரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை :-) ) "பில் போட இணையத்துல இலவச மென்பொருள் இருக்கு சித்தப்பா"ன்னு நான் ஆர்வமாச் சொன்னேன். அவர் கேட்டது மூணே கேள்வி:

"காசு வாங்காம அவனுக்கு எப்படிடா கட்டுப்படியாகும்? நாளைக்கு அவன் மூடிட்டுப் போனா என் கணக்கை யார்கிட்ட போய்க் கேட்கறது? என் கணக்கை வேற யாரெல்லாம் பார்ப்பாங்க?"

பழங்காலத்து ஆளு, புதுசுன்னா பயம்னு அப்ப நினைச்சேன். கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தா, மூணு கேள்வியுமே சரியான கேள்வி. (லினக்ஸ் மாதிரியான கட்டற்ற மென்பொருள் பத்தி இங்க பேசலை. அது வேற கதை, தனியா எழுதணும்.)

முதல் கேள்வியை எடுத்துக்குவோம். 1996 ஜூலையில சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை இலவசமா ஆரம்பிச்சாங்க. ஒன்றரை வருஷத்துல, 1997 டிசம்பர்ல, மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிடுச்சு. விலை சுமார் 40 கோடி டாலர்னு சொல்றாங்க. பயனர்கள் ஒரு பைசா கொடுக்கலை. அப்ப மைக்ரோசாஃப்ட் எதுக்கு இவ்வளவு கொடுத்தது? அந்தப் பயனர்களுக்காகத்தான்! 2004 ஏப்ரல் 1-ல ஜிமெயில் 1 ஜிபி இடத்தோட வந்தது. கடிதத்துல இருக்கற வார்த்தைகளைக் கணினி படிச்சு, அதுக்கேத்த விளம்பரத்தைப் பக்கத்துல காட்டும். விளம்பரத்துக்காகக் கடிதத்தைப் படிக்கிறதை நிறுத்தப் போறதா கூகிள் அறிவிச்சது 2017-லதான். சித்தப்பாவோட முதல் கேள்வியும் மூணாவது கேள்வியும் ஒரே இடத்துல வந்து சேர்ற மாதிரி இருக்கு இல்லையா?

இரண்டாவது கேள்விக்கும் சாட்சி நிறைய. லட்சக்கணக்கானவங்க இலவசமா வீட்டுப் பக்கம் கட்டின ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர்ல யாஹூ இழுத்து மூடிடுச்சு. கூகிள் ரீடர் 2013 ஜூலையோட போச்சு. தொழில் செய்யறவங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கூகிள் ஆப்ஸ். 2006-ல சொந்த டொமைனுக்கு இலவச மின்னஞ்சல்னு கொடுத்தாங்க. 2012 டிசம்பர்ல புதுசா வர்றவங்களுக்கு இலவசத்தை நிறுத்தினாங்க. 2022 ஜனவரியில, பழைய ஆட்களும் இனிமே காசு கட்டணும்னு அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பினதும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக் கொடுத்தாங்க. வியாபாரம்னா காசுதான். பதினஞ்சு வருஷக் கடிதமும் அங்கேயே இருக்கறப்ப எங்க போறது? இலவசமா உள்ளே வரலாம், ஆனா வெளியே போறது சுலபமில்லை.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். பல்லாவரத்துலேர்ந்து அதே ஜிஎஸ்டி சாலையில தெற்கே போனா, தாம்பரம், வண்டலூர் தாண்டி கூடுவாஞ்சேரிக்கிட்ட ஜோஹோ வளாகம் இருக்கு. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல அட்வென்ட்நெட்ங்கற பேர்ல ஆரம்பிச்ச நிறுவனம் அது. 2005-ல ஜோஹோ ரைட்டரை இணையத்துல விட்டாங்க. கூகிள் டாக்ஸ் வந்ததே 2006-லதான்! 2009-ல நிறுவனத்தோட பேரையே ஜோஹோன்னு மாத்தினாங்க.

முதல் கேள்விக்கு ஜோஹோவோட பதில் இது: விளம்பரம் கிடையாது. சின்னக் கடைக்கு இலவசம், ஆள் கூடினா கட்டணம். அதாவது பெரிய வாடிக்கையாளர் கொடுக்கற காசுல சின்னவருக்கும் சேர்த்து நடக்குது. ஜோஹோ சிஆர்எம் மூணு பேர் வரைக்கும் இலவசம். பில் போடற ஜோஹோ இன்வாய்ஸை 2021-ல முழுசாவே இலவசமாக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், தங்களோட தளங்கள்ல இருந்த வெளியார் கண்காணிப்பு நிரல்களை எடுத்துட்டதா அறிவிச்சாங்க.

அப்ப நம்பிடலாமா? 2018 செப்டம்பர் 24-ல நடந்ததைக் கேளுங்க. ஜோஹோவோட மின்னஞ்சல் வழியா ஏமாத்துக் கடிதங்கள் வருதுன்னு புகார் போனதால, அமெரிக்காவுல அவங்க டொமைனைப் பதிவு பண்ணியிருந்த நிறுவனம் அதை முடக்கிடுச்சு. கோடிக்கணக்கான பயனர்கள் தவிச்சாங்க. காசு கட்டினவங்களும் இலவசமா இருந்தவங்களும் ஒண்ணாத்தான் நின்னாங்க. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல வந்து உதவி கேட்க வேண்டியதாப் போச்சு. நிறுவனம் ஒழுங்கா இருந்தாலும், வேற எவனோ கதவைப் பூட்டினா நம்ம கணக்கும் உள்ளேயே மாட்டிக்கும். இது சித்தப்பா கேட்காத நாலாவது கேள்வி.

நான் அவரை ஒரு இடத்துல மடக்கப் பார்த்தேன். "2006 தேர்தலுக்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவியை மட்டும் வாங்கினீங்களே?"

"அதுக்கு யார் காசுன்னு எனக்குத் தெரியும்டா. நம்ம வரிப்பணம். அதுவுமில்லாம டிவி என் வீட்டுல இருக்கு, என் கணக்கு நோட்டை அவங்ககிட்ட கொடுக்கலையே."

நான் வாயை மூடிட்டேன்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். மக்கள் இலவசத்தைச் சந்தேகப்படலை, யார் காசு கொடுக்கறாங்கன்னு தெரியாத இலவசத்தைத்தான் சந்தேகப்படறாங்க. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில பழைய மிக்ஸி வாங்கறவங்களைப் பாருங்க. ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்குவாங்க. அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்துல கடை போடுவாருன்னு என்ன நிச்சயம்? கணக்கு மென்பொருள்ல அந்தப் பயம் இன்னும் பெரிசு. மிக்ஸி போனா ஐந்நூறு ரூபாய். கணக்கு போனா, யார் எவ்வளவு பாக்கிங்கறதே போச்சு. ஒரு சின்னக் கடைக்கு அதுதான் முதலே.

கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? சித்தப்பா இப்ப இலவச மென்பொருள்லதான் பில் போடறார். ஆனா மாசக் கடைசியில எல்லாத்தையும் இறக்கி, பென் டிரைவ்ல ஒண்ணு, காகிதத்துல ஒண்ணுன்னு எடுத்து வெச்சுக்கறார். பாக்கிக் கணக்கு மட்டும் இன்னும் அந்தச் சிவப்பு அட்டை நோட்டுலதான். மாட்டை வாங்கிக்கிட்டார், ஆனா மாசம் ஒரு தடவை பல்லைப் பிடிச்சுப் பார்க்கறார்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சித்தப்பா இருந்தா, சிரிக்கறதுக்கு முன்னாடி அவர் என்ன கேட்கறார்னு ஒரு நிமிஷம் கேளுங்க.